வேலை நேரத் தூக்கம்

முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக ஓடி முடித்தவர் அவர். இனிமேல் வாயைப் பிளந்து பார்க்க உலகத்தில் எதுவும் மிச்சமில்லை என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை ஒரு மெத்தைக் கம்பெனியின் மாடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவுக்கு வந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு கட்டில்கள். மூன்று ஆட்கள் உள்ளே வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஆளுக்கொரு கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை, இவங்களுக்கு இதுதான் உத்தியோகமா?"

"ஆமா மாமா. மெத்தை எப்படியிருக்குன்னு படுத்துப் பாத்துச் சொல்லணும்."

"அப்ப ரிட்டையர் ஆகுற அன்னிக்கு என்ன செய்வாங்க? எழுப்பி விட்டுருவாங்களா?"

மாப்பிள்ளை கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பறிவதைத் தொழிலாகக் கொண்ட அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த புதிதில் கண்டக்டர் அதைத் தலைக்கனம் என்று நினைத்திருந்தார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மாப்பிள்ளைக்கே உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அந்த மௌனத்துக்குள் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது.

"மெதுவா பேசுங்க," என்றார் முதலாளி. கண்கள் சிவந்திருந்தன. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. "தூக்கம் கலைஞ்சுடும்."

"பக்கத்துலயே தையல் மெஷின் ஓடுதே, அது கலைக்காதா?"

"அது என் ஏற்பாடு. எங்க மெத்தையில படுத்தா எந்தச் சத்தத்துலயும் தூக்கம் வரும்னு விளம்பரம் செய்யுறோம். அதனால மெஷினை வேணும்னே உள்ள போட்டிருக்கேன்."

அறைக் கோடியில், சுவரைப் பார்த்தபடி, தையல்காரம்மா மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நேற்று நடந்தபடியே இன்றும் எல்லாம் நடக்கட்டும் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால்தான் அவள் இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பையும் டிபன் கேரியரும் மெஷின் காலடியில் புறப்படத் தயாராக இருந்தன.

விஷயம் இதுதான். நேற்று இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், நாலாவது கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டு காணாமல் போயிருந்தது. எந்த மெத்தையில் எத்தனை அடுக்கு, எதன் மேல் எது, எவ்வளவு கனம் என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்து எழுதிவந்த நோட்டு. எதிர்த் தெருக் கம்பெனிக்காரன் அதற்காக என்ன விலையும் கொடுப்பான்.

"பூட்டை உடைக்கலை. சாவி போட்டுத் திறந்திருக்கு," என்றார் முதலாளி. "சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. குளிக்கிறப்பகூடக் கழட்டமாட்டேன். இன்னொண்ணு அவகிட்ட. கத்திரியும் நூலும் அங்கதான் இருக்குன்னு கொடுத்து வெச்சேன். அறையில நாலு பேர். மூணு பேர் தூங்கிட்டிருந்தாங்க. முழிச்சிருந்தது அவ ஒருத்தி. இதுக்கு மேல என்ன யோசிக்கணும்?"

"அப்படின்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"அவ வாயால ஒத்துக்க வைக்கணும். நாலு மணிக்கு ஹோட்டல்காரங்க சாம்பிள் மெத்தையைப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள நோட்டைக் கொடுத்தா வேலையை மட்டும் விட்டுட்டுப் போகலாம். இல்லைன்னா போலீஸ்தான்."

பதினோரு வருஷமாக அந்த மெஷினில் உட்கார்ந்தவள். திருடி என்ற பெயரோடு வெளியே போனால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் அவளைக் கதவுக்குள் விடாது. கண்டக்டர் அவளுடைய முதுகைப் பார்த்தார். அது வேலை செய்யும் முதுகாக மட்டும் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று அதற்குத் தெரியவும் இல்லை, அக்கறையும் இல்லை.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"இங்கதான். இந்தக் கண்ணாடியை எட்டு மாசம் முன்னாடி போட்டேன். தினம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்து இவங்க தூங்குறதைப் பாப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிப்பு எழுதுவேன்."

"அப்ப நோட்டை எடுத்ததை நீங்களே பாத்திருப்பீங்களே," என்றார் கண்டக்டர்.

முதலாளி ஒரு நொடி தடுமாறினார். "நான் தூங்குறவங்களைத்தானே பாப்பேன். அலமாரியை எதுக்குப் பாக்கணும்?"

மாப்பிள்ளை மௌனமானார். இது வேறு மாதிரி மௌனம் என்று கண்டக்டருக்குப் பட்டது. வண்டி கியர் மாறுவதுபோல.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து, கன்னத்தில் கையை ஊன்றி, கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் அவருடைய குறிப்பேட்டை மெல்ல எட்டிப் பார்த்தார். இன்றைய தேதி. '2.00 மூவரும் நல்ல உறக்கம். 2.10 அதேபடி. 2.20 அதேபடி.' இப்படியே 3.00 வரைக்கும் பக்கம் நிறைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு எட்டு.

கண்டக்டர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். வண்டி புறப்படும் முன்பே கடைசி நிறுத்தம் வரை கணக்குச் சீட்டை எழுதிவைத்த நாட்கள் அவருக்கும் உண்டு.

மாப்பிள்ளை அதற்குள் நேற்றைய படிவங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு தாள். எழுந்தவுடன் நிரப்ப வேண்டியது. படுத்த நேரம், எழுந்த நேரம், புரண்ட பக்கம், குறட்டை, கனவு. மூன்று தாளிலும் கனவுக் கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது. மாப்பிள்ளையின் விரல் அதற்கு மேல் கட்டத்தில் நின்றது.

'குறட்டை: நான்கு முறை. மிதமாக.'

கண்டக்டர் படித்தார். இன்னொரு முறை படித்தார். அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, என் சம்சாரம் முப்பது வருஷமா நான் குறட்டை விடுறேன்னு சொல்றா. நான் இன்னும் ஒத்துக்கலை. இந்தப் புண்ணியவான் எண்ணி வெச்சிருக்கான்."

"காதைக் கொடுத்துக் கேளுங்க."

கண்ணாடியின் அடியில் ஒரு சிறு இடைவெளி. மெஷின் நிற்கும் நேரங்களில் அதன் வழியே சத்தம் வந்தது. முதல் கட்டிலில் ஒரு குறட்டை. அது முழுசாக முடிந்த பிறகு இரண்டாவது கட்டிலில் ஒன்று. அதுவும் முடிந்து, சற்று இடைவெளி விட்டு, மூன்றாவது.

"என்ன ஒரு மரியாதை," என்றார் கண்டக்டர். "ஒருத்தர் பேசி முடிக்காம இன்னொருத்தர் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க. எங்க வீட்டுல இதைப் பழகணும்."

"மாமா, உள்ள போங்க. பஸ்ல தூங்குற பயணியை என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க."

கண்டக்டருக்கு மாலை போட்டதுபோல இருந்தது. வேஷ்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனார்.

பக்கத்தில் பார்த்தால் மூவரும் இன்னும் அழகாகத் தூங்கினார்கள். முதல் கட்டிலில் பஞ்சு என்று பட்டப்பெயர் வாங்கிய பருத்த ஆள், குழந்தைபோலக் கன்னத்துக்கு அடியில் கையை வைத்து. அடுத்தவர் மகாராஜா, மல்லாந்து படுத்து, மார்பில் கைகோத்து, ஓவியத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி. மூன்றாவது ஆளின் பெயர் கொட்டாவி. உதட்டில் லேசான புன்னகை.

நிஜத் தூக்கம் இவ்வளவு லட்சணமாக இருக்காது என்று கண்டக்டருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் அதைப் பார்த்தவர். நிஜமாகத் தூங்குகிறவன் வாய் திறந்திருக்கும், கழுத்து ஒடிந்திருக்கும், பக்கத்து ஆளின் தோளில் எச்சில் ஒழுகும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று முழுசாக நம்பினால் மட்டுமே மனிதன் அவ்வளவு அசிங்கமாக இருக்க முடியும். செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறும்போது கவனித்திருக்கிறார். டிக்கெட் வாங்கினவன்கூடச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான். ஒரு கண் தன் மேல் விழுந்ததும், தான் யோக்கியன்தானா என்று அவனுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிடும்.

அவர் கட்டில்களுக்கு நடுவில் நின்று, கழுத்தை லேசாகச் சாய்த்து, பழைய குரலில் மெல்லச் சொன்னார்.

"டிக்கெட், டிக்கெட்."

மூன்று ஜோடி கண்களும் ஒரே நேரத்தில் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டன.

கண்டக்டர் முதல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் குனிந்து சொன்னார். "தம்பி பஞ்சு, நீ முழிச்சிருக்கேன்னு தெரியும்."

"இல்லீங்க, தூங்குறேன்," என்றான் பஞ்சு, உதட்டை அசைக்காமல்.

"எவ்வளவு நாளா?"

பஞ்சு பக்கத்துக் கட்டில் பக்கம் புரண்டான். பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து மகாராஜா, கண்ணைத் திறக்காமல், மார்பில் கோத்த கையை எடுக்காமல் பேசினார். "கண்ணாடி போட்ட நாள்லேர்ந்துங்க. அதுக்கு முன்னாடி படுத்தா கட்டை மாதிரி கிடப்போம். ஒருத்தர் வெச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டிருந்தா எப்படிங்க தூக்கம் வரும்? நீங்களே சொல்லுங்க."

"எட்டு மாசமா நடிக்கிறீங்களா?"

"தூங்கலைன்னா வேலை போயிடும்ங்க," என்றான் பஞ்சு. "எங்களுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் தூங்குறோம்."

"அப்ப நேத்து நோட்டை எடுத்தது யாருன்னு பாத்தீங்க."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் குறட்டை விட ஆரம்பித்தார்கள். இந்த முறை வரிசை தவறிவிட்டது.

"குறட்டையை நிறுத்துங்கப்பா. பழியை அந்த அம்மா தலையில கட்டியிருக்காங்க. நாலு மணிக்குப் போலீஸ் வரப்போகுது."

குறட்டை நின்றது. கொட்டாவியின் புன்னகையும் போய்விட்டது. "எங்களை என்ன செய்யச் சொல்றீங்க?" என்றான், மூடிய கண்ணின் ஓரம் ஈரமாக. "பாத்தோம்னு சொன்னா முழிச்சிருந்தோம்னு ஆயிடும். காலையிலேர்ந்து சோறு இறங்கலைங்க. அந்தக்கா போன மாசம் எனக்குச் சட்டை தைச்சுக் கொடுத்தாங்க."

"யாருன்னு மட்டும் சொல்லு."

"அவர் பாத்துக்கிட்டிருக்காருங்க."

கண்டக்டர் தலையைத் திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி அதே இடத்தில், கன்னத்தில் கையூன்றி, நேராக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கண். இமை அசையவில்லை. கட்டிலில் உட்கார்ந்ததற்கு ஏதாவது காரணம் கண்டுபிடிக்க வேண்டுமே என்று கண்டக்டரின் கை தானாகத் தலையணையைத் தட்டிச் சரிசெய்தது.

அப்போது மாப்பிள்ளை முதலாளியின் பக்கத்தில் வந்து நின்றார். கையைத் தூக்கி முதலாளியின் மூக்குக்கு நேராக ஆட்டினார். முதலாளி அசையவில்லை. மாப்பிள்ளை குனிந்து, அவர் கன்னத்தைத் தாங்கியிருந்த முழங்கையை ஒரு விரலால் மெல்ல நகர்த்தினார். தலை சரிந்து, மேஜைமேல் இறங்கி, குறிப்பேட்டில் வசதியாகப் படிந்துகொண்டது. வாய் திறந்தது.

"கண்ணைத் திறங்கப்பா," என்றார் கண்டக்டர். "கொஞ்சம் எழுந்து பாருங்க."

மூவரும் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். மகாராஜா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசமா," என்றார் அவர், கண்ணாடியைக் காட்டி. "ஒரு தூங்குற மனுஷனுக்காகவா நாங்க தூங்குற மாதிரி நடிச்சோம்?"

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், கட்டில் குலுங்கியது. கண்டக்டருக்கும் தொற்றிக்கொண்டது. தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கொட்டாவி மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான்.

"அப்ப நேத்து உள்ள வந்தாரே. அப்பவும் தூக்கமா?"

சிரிப்பு நின்றது. கதவருகே மாப்பிள்ளை வந்து நின்றிருந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

கொட்டாவி சொன்னான். நேற்று இரண்டரை வாக்கில் முதலாளி கண்ணைப் பாதி திறந்தபடி மெல்ல நடந்து வந்தார். இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்தார். நோட்டை எடுத்தார். நாலாவது கட்டிலில் ஒரு பக்கம் தைக்காமல் கிடந்த சாம்பிள் மெத்தைக்குள் அதைச் செருகி, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வந்தபடியே போய்விட்டார். தங்களைச் சோதிக்கத்தான் இப்படி ஏதோ நாடகம் போடுகிறார் என்று மூவரும் நினைத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மெஷின் சத்தத்தில் தையல்காரம்மா திரும்பவே இல்லை. மூன்று மணிக்கு அந்த மெத்தையை எடுத்து, மிச்சமிருந்த பக்கத்தையும் அவளே தைத்து மூடினாள்.

"இன்னிக்குக் காலையில அக்காவைத் திருடின்னு சொன்னப்பதான் இது நாடகம் இல்லைன்னு புரிஞ்சுது," என்றான் பஞ்சு. "அப்புறம் வாயைத் திறக்க பயம்."

கண்டக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "சொன்னா மூணு பேருக்கு வேலை போகும். சொல்லலைன்னா அந்த அம்மாவுக்குப் போகும். எந்தப் பக்கம் டிக்கெட் கிழிக்கப் போறீங்க?"

மாப்பிள்ளை கையிலிருந்த படிவங்களைப் புரட்டினார். ஒன்றைத் திருப்பிக் காட்டினார்.

"கனவுக்கு ஒரு கட்டம் இருக்கே மாமா."

மூன்று மணி அடித்ததும் முதலாளி பரபரப்பாக உள்ளே வந்தார். கன்னத்தில் குறிப்பேட்டின் சுருள்கம்பி வரிசையாகப் பதிந்திருந்தது. மெஷின் நின்றது. தையல்காரம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டாளா?"

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார்," என்றார் கண்டக்டர் பவ்யமாக. "நேத்துப் படிவத்துல கனவுக் கட்டத்தை இவங்க சரியா நிரப்பலையாம். இப்பதான் ஞாபகம் வருதாம்."

"கனவா? இப்ப அதுக்கா நேரம்?"

பஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டான். "கனவுல ஒருத்தர் வந்தாருங்க. உங்க சாயல். இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாரு."

"எனக்கும் அதே கனவுங்க," என்றார் மகாராஜா. "ஆனா என் கட்டில்லேர்ந்து பாத்தா முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. கையில ஒரு நோட்டு."

"நான் கொஞ்சம் லேட்டாத்தான் கனவு காண ஆரம்பிச்சேன்," என்றான் கொட்டாவி. "அதனால கடைசி மட்டும்தான் பாத்தேன். நோட்டை அந்த சாம்பிள் மெத்தைக்குள்ள வெச்சுத் தட்டிக் கொடுத்தாரு. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி."

முதலாளி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை மெல்லக் கீழே இறங்கி, இடுப்புச் சாவியைத் தொட்டது. பிறகு கன்னத்தைத் தடவியது. சுருள்கம்பித் தடத்தில் விரல் நின்றது.

"வீட்டுல," என்றார், யாரையும் பார்க்காமல், "என் சம்சாரம் ராத்திரி கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுவா. திருடனுக்குப் பயந்துன்னு நினைச்சிருந்தேன்."

"தூக்கத்துல உங்களை நடக்க வெச்ச பயம் வேற சார்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "எதிர்த் தெருக்காரர் கையில நோட்டு சிக்கிடக் கூடாதுன்னு. பத்திரமாத்தான் வெச்சிருக்கீங்க."

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு பையனுடைய குரல் படிக்கட்டிலிருந்து, ஹோட்டல்காரர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் என்றது. முதலாளி நாலாவது கட்டிலில் கிடந்த சாம்பிள் மெத்தையின் பக்கம் திரும்பினார். அந்த மெத்தையைத்தான் அவர்கள் படுத்துப் பார்க்கப்போகிறார்கள். உள்ளே நோட்டு. பிரித்து எடுத்து, தடம் தெரியாமல் மறுபடி மூட வேண்டும். அந்த ஓரத்தை அப்படித் தைக்கத் தெரிந்த கை அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது.

"பிரிச்சு எடும்மா. சீக்கிரம்."

தையல்காரம்மா நகரவில்லை. "இந்த மூலை கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு நேத்தே சொன்னேன். பேசாம தைன்னீங்க."

"சொன்னேன். தப்புதான். இப்ப எடு."

"நான்தான் இப்ப இங்க வேலையில இல்லையே முதலாளி."

முதலாளி வாசலைப் பார்த்தார். படிக்கட்டில் காலடிகள். "நீ எடுக்கலை," என்றார் தணிந்த குரலில்.

"அது எனக்குக் காலையிலேயே தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க." அவள் வாசல் பக்கம் தலையை அசைத்தாள். பஞ்சடிக்கும் ஆட்களும் உறை வெட்டுகிறவர்களும் அங்கே கூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர் அவளைத் திருடி என்றதும் அவர்கள் எதிரில்தான்.

முதலாளி அவர்கள் பக்கம் திரும்பினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நோட்டை இந்தம்மா எடுக்கலை," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெச்ச இடத்தை மறந்தது நான். அவங்களைச் சொன்னது என் தப்பு."

அவள் பையை இறக்கி வைத்தாள். பிளேடால் ஓரத்தில் ஒரு கை அகலம் பிரித்தாள். கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். பழுப்பேறிய நோட்டு வெளியே வந்தது. அதை முதலாளியிடம் நீட்டாமல் கட்டிலில் வைத்துவிட்டு, மெத்தையின் விளிம்பை மெஷினுக்கு இழுத்தாள்.

கனவு எழுதிச் சேர்த்திருந்த மூன்று படிவங்களையும் முதலாளி வாங்கிப் பார்த்தார். கிழித்துவிடுவார் என்று கண்டக்டர் நினைத்தார். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். வியாபாரியின் மூளை அதற்குள் வேறு தெருவில் ஓட ஆரம்பித்திருந்தது.

"மூணு பேருக்கும் ஒரே கனவு," என்று முணுமுணுத்தார். "மெத்தைகள் எல்லாம் அவ்வளவு சீரா இருக்குன்னு ஹோட்டல்காரங்ககிட்ட சொல்லலாம்."

"தாராளமா சொல்லுங்க சார்," என்றார் கண்டக்டர். "சாட்சிக்கு இவங்க இருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாங்க."

முதலாளி மெஷின் பக்கம் போய்க் குனிந்தார். குரலை ரொம்பவும் தாழ்த்திக்கொண்டார். "நான் தூங்கினது, நடந்தது, இதெல்லாம் வெளியில யார்கிட்டயும்..."

தையல்காரம்மா நூலை ஊசியில் கோத்தாள். நிமிரவில்லை.

"நான் எதையும் பாக்கலை முதலாளி. நான் வேலை செஞ்சிட்டிருந்தேன்."

காலை மிதித்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது.